சன்னதியை நோக்கி அமர்ந்தவர்



திருவையாற்றுக்கு வரும் அடியார்கள் ஐயாறப்பரையும் அறம்வளர்த்த நாயகியையும் வழிபட்டு, அப்பர் பெருமான் கயிலைக் காட்சி கண்ட தலம் இதுவன்றோ என்று உள்ளம் நெகிழ்ந்து, பின்னர்க் காவிரிக்கரையில் உள்ள தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கும் சென்று வருவது வழக்கம். அங்கே சுவாமிகளை வணங்கித் திரும்புங்கால், அச்சன்னதியை நோக்கி அமர்ந்த கோலத்தில் ஓர் அம்மையாரின் சிலையைக் காணலாம். பலர் கண்டும் காணாமலும் கடந்து விடுகின்றனர். இவ்வம்மையார் யார் என்று வினவி நிற்போர் சிலரே. அச்சிலருக்காகவே இவ்வுரை.

பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பது அவர்தம் பெயர். 1878ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தேவதாசி மரபினர். தந்தையின் துணை அவருக்கு வாய்க்கவில்லை. தாயார் புட்டலட்சுமி தனியொருவராய் நின்று மகளை வளர்த்தார். வடமொழியும் இசையும் கற்பிக்க மைசூரில் ஒரு சாஸ்திரியாரிடம் விட்டார். குழந்தை விரைந்து கற்றாள், அவ்விரைவே பகையாயிற்று. ஆசிரியர் மனம் மாறிக் கற்பித்தலை நிறுத்திவிட, தாயார் கண்ணீரோடு ஊரை விட்டே வெளியேறினார். மகள் பெரும் புலமை பெற்றாலன்றி இவ்வூரில் அடியெடுத்து வைப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டதாகச் சொல்வர். கையில் பொருளில்லை; ஆதரிக்க ஆளில்லை. இருந்தது அந்த உறுதி ஒன்றே.

பெங்களூரில் வயலின் வாசிக்கும் உறவினர் ஒருவரின் ஆதரவு கிட்டியது. முனுசாமப்பா என்னும் ஆசிரியர் நாகரத்தினத்துக்குத் தியாகராஜ கிருதிகளைப் பாடம் சொன்னார். இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தியாகராஜரின் நேர்ச்சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவர் மைந்தர் கிருஷ்ணசாமி பாகவதர். அவரிடம் பயின்றவர் இம்முனுசாமப்பா. ஆகவே அச்சிறுமி கற்றது ஏட்டைப் பார்த்துக் கற்ற பாட்டன்று. சுவாமிகளின் வாயிலிருந்து செவிவழியாக மூன்று தலைமுறை இறங்கி வந்த பாட்டு. பிற்காலத்தில் அவர் காவிரிக்கரையைத் தேடி வந்ததற்கு வித்து அப்பொழுதே ஊன்றப்பட்டது.

பதினான்காம் வயதில் தாயையும் இழந்தார். துயரத்தில் அமிழ்ந்து விடாமல் பாடினார். மைசூர் அரசவையில் பாடிப் பாராட்டுப் பெற்றார். தாய் பூண்ட உறுதி நிறைவேறியது. கண்டு மகிழத் தாய்தான் இல்லை.

பின்னர்ச் சென்னையில் குடியேறி, இசையரங்குகளால் பெரும்பொருள் ஈட்டினார். சென்னையில் வருமான வரி செலுத்திய முதற் பெண் கலைஞர் அவரே என்பர். புலமையும் உடன் வளர்ந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்பாற் புலவர் தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற காவியத்தின் அச்சுப் பதிப்பில் பகுதிகள் விடுபட்டிருக்கக் கண்டு, முழுப் படியைத் தேடிப் பெற்று 1910இல் செம்மையாகப் பதிப்பித்தார். சிருங்காரம் மிகுந்த நூல் என்று சிலர் பழிக்க, ஆங்கில அரசு அதனைத் தடை செய்தது. ஆண்பாற் புலவர் அதே சுவையை அதனினும் மிகுத்துப் பாடியபோது எழாத பழி இப்பொழுது ஏன் எழுந்தது என்று அம்மையார் அஞ்சாது வினவினார். நேர்மையான வினா. பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த காலத்தில் அத்தடை நீங்கியது. சுவடி பார்த்துப் பாடம் ஒப்பிடும் உழைப்பை அறிந்தவர்கள், இப்பதிப்பு ஒன்றுக்காகவே அம்மையாரை வணங்குவர்.

இனி, திருவையாற்றுச் செய்திக்கு வருவோம்.

தியாகராஜ சுவாமிகள் 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியில் சித்தியடைந்தார். துறவறம் மேற்கொண்டிருந்தமையால் காவிரிக்கரையில் சமாதி வைத்தனர். சீடர்கள் தத்தம் ஊர்களில் குருவின் நினைவு நாளைப் போற்றினரேயன்றிச் சமாதியை நாடுவோர் அருகினர். 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் முதிய வயதில் வந்து செப்பனிட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் ஆராதனை தொடங்கியது. ஆனால் நாளடைவில் நடத்துவோரிடையே பிணக்கு நேர்ந்து பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாயிற்று. பாட்டுக்குக் குறைவில்லை, சமாதியோ மீண்டும் பாழ்பட்டது.

1921இல், மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா அந்நிலையைக் கண்டு வருந்தி நாகரத்தினம்மாளுக்குக் கடிதம் எழுதினார். அம்மையார் விரைந்து வந்தார். தாம் உயிராகப் போற்றிய குருநாதரின் இடம் புதர் மண்டிக் கிடக்கக் கண்டார். அன்றே அவர் தம் வாழ்க்கையின் எஞ்சிய பகுதிக்குக் கணக்கு எழுதி முடித்துவிட்டார் எனலாம். நிலத்துக்கு ஏற்பாடு செய்து, நகைகளை விற்று, ஈட்டிய பொருளையெல்லாம் இட்டுக் கோயில் எழுப்பினார். 1921இல் கால்கோள் செய்த திருப்பணி 1926ஆம் ஆண்டு ஜனவரியில் குடமுழுக்குடன் நிறைவெய்தியது.

இவ்வளவும் செய்தவர் ஆராதனை நாளில் அச்சன்னதி முன் அமர்ந்து ஒரு கிருதி பாட விரும்பினார். பெண்கள் பாடுதல் கூடாது என்றனர். இரு கட்சியாரும் ஒன்றுபட்டு நின்றது இம்மறுப்பு ஒன்றில் போலும்!

வேறொருவராயின் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றிருப்பர். அம்மையார் அது செய்திலர். தம் மரபில் வந்த இசைவல்ல பெண்கள் பலரைத் திரட்டி, சன்னதிக்குப் பின்புறம் அமர்ந்து தனியே ஆராதனை நடத்தினார். ஊரார் அதனைப் ‘பெண்கள் கட்சி’ என்றனர். முன்புறத்தில் ஆடவர் பாட, பின்புறத்தில் மகளிர் பாட, நடுவில் வீற்றிருந்த சுவாமிகள் இருபாற் பாட்டையும் கேட்டருளினார்.

அக்காலத்தில் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டம் கொணர முயன்றபோது, நாகரத்தினம்மாள் சங்கம் கூட்டி அரசுக்கு மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார். கலையும் அதனை வளர்த்த மகளிரின் மதிப்பும் சட்டத்தோடு சேர்ந்து அழிந்துவிடலாகாது என்பது அவர் கவலை. முத்துலட்சுமி அம்மையாரின் நோக்கம் உயர்ந்தது. காலமும் அவர் பக்கமே நின்றது. எனினும் இவர் கவலையும் பொய்யன்று.

1940இல் கட்சிகள் மூன்றும் ஒன்றாயின. தியாகப்பிரம்ம மகோற்சவ சபை ஒரே ஆராதனையாக நடத்தத் தொடங்கியது. மகளிர்க்கும் பாடும் உரிமை கிட்டியது. அப்பொழுது அம்மையாருக்கு அகவை அறுபதைக் கடந்திருந்தது. சென்னை வாழ்வைத் துறந்து திருவையாற்றிலேயே தங்கி, சமாதி வழிபாட்டையே நாட்கடமையாகக் கொண்டார். ‘வித்யாசுந்தரி’ என்று முன்னர்ப் பெற்ற பட்டத்தினும், ‘தியாக சேவா சக்தா’ என்று அறிஞர் அளித்த பெயரையே பெரிதாக மதித்தார்.

1949இல் உயில் எழுதினார். குழந்தைச் செல்வம் நிலைக்காத அவ்வம்மையார் தம் உடைமையைச் சுவாமிகளின் வழிபாட்டுக்கே அறக்கட்டளையாக வைத்தார். அதில் ஒன்றை மட்டும் மறவாமல் எழுதினார்: அச்சன்னதியில் வழிபடவும் பாடவும் பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த உரிமை இருத்தல் வேண்டும். பல ஆண்டுகள் பின்புறத்தில் அமர்ந்து பாடியவர், தமக்குப் பின் எவரும் அங்ஙனம் அமர நேராதபடி எழுத்தில் பதித்துச் சென்றார்.

1952ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் திருவையாற்றிலேயே மறைந்தார். குருநாதரின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் அமைந்தது.

தை பிறப்பதற்குச் சற்று முன்னோ பின்னோ, பகுள பஞ்சமியன்று அங்குச் செல்வோர் காலைப் பொழுதில் பஞ்சரத்தின கிருதிகளைக் கேட்கலாம். பாடுவோர் வரிசையில் மகளிரும் அமர்ந்திருப்பர். பாட்டு முடிந்து தீபாராதனை ஆகும். அவ்வேளையில் சற்றுத் திரும்பிப் பார்த்தால், கல்லாய் அமர்ந்த அம்மையார் அச்சுடரையே நோக்கி இருப்பது தெரியும்.