பேசாத நாளுக்கும் பணமா?

(பேராக் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டுடைமை பேசவேண்டிய மேடையில் கைபேசியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சம்பள உயர்வுக்குப் போராடும் நாம், உயர்ந்த சம்பளம் எந்த ஓட்டை வழியே ஒழுகுகிறது என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்?

இன்று குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. மாதம் 35 வெள்ளிக்குக் கைபேசிப் பாக்கேஜ் வாங்குகிறவர் அரைநாள் கூலிக்கு மேல் கொடுக்கிறார். ஆண்டுக்கு 420 வெள்ளி. ஆறு நாள் கூலிக்கும் அதிகம். நாள் முழுதும் படம் பார்க்கும் பிள்ளைக்கு அது தகும். ஈப்போவில் இருக்கும் மகளிடம் இரண்டு வார்த்தை பேச மட்டும் கைபேசி வைத்திருக்கும் நம் அம்மாவுக்கு அது தகுமா?

முன்னாளில் தோட்டத்தில் தொலைபேசி ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான் இருந்தது. நல்லது கெட்டது தந்தியில் வந்தது. இன்று சுங்கை சிப்புட் முதல் பீடோர் வரை, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்ட பழைய ரப்பர் தோட்டங்களில்கூடக் கைபேசி இல்லாத வீடு அரிது. இந்த வசதியை நாம் குறை கூறவில்லை. கணக்கைத்தான் கேட்கிறோம்.

கடைக்கணக்கு நமக்குத் தெரியாததல்ல. அன்று கடைக்காரர் சாமானை முதலில் கொடுத்தார். பணத்தைச் சம்பள நாளில் வாங்கினார். பிரீபெய்டு கைபேசியில் வரிசை மாறிவிட்டது. பணத்தை நாம் முதலில் கட்டுகிறோம். சாமான் பிறகு வருகிறது. கட்டிய பணத்துக்கும் கெடு நாள் உண்டு. அரிசியை வாங்கி வீட்டில் வைத்தால் அது நம் அரிசி. கைபேசியில் போட்ட பணம் அப்படியல்ல. கெடு தவறினால் கைவிட்டுப் போகும்.

கெடு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, ரீலோட் செய்வதால் எண்ணுக்குக் கிடைக்கும் ஆயுள். இரண்டாவது, வாங்கிய டேட்டா பாக்கேஜின் ஆயுள். பாக்கேஜ் 30 நாள் ஓடும் என்பதால் எண்ணும் 30 நாள் உயிரோடிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு தேதியையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 வெள்ளி ரீலோட்டுக்கு 10 நாள் ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வெகுகாலம் பழகிய வழக்கம் இது. எண்ணை உயிரோடு வைக்க மாதம் 30 வெள்ளி, ஆண்டுக்கு 365 வெள்ளி வேண்டும். நிமிடத்துக்கு 30 காசு வீதம் மாதம் 20 நிமிடம் பேசுகிறவருக்குப் பேச்சுச் செலவு 6 வெள்ளிதான். மீதி 24 வெள்ளி? இருப்பில் குவிந்துகொண்டே போகும். ஒருமுறை ரீலோட் செய்யத் தவறி எண் ரத்தானால் குவிந்த அத்தனையும் போச்சு!

ஆகவே, குறைவாகப் பேசுகிறவர் வாங்கவேண்டியது ஜி.பி. அல்ல, நாள். இதுவே நாங்கள் சொல்ல வந்த முக்கிய செய்தி. 'இத்தனை ஜி.பி.' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 'எத்தனை நாள்' என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் தேடுங்கள். மாத விலையை விட்டு, ஆண்டு விலையைக் கணக்கிடுங்கள்.

உதாரணமாக, 2023-ஆம் ஆண்டில் அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து 'பாக்கேஜ் பெர்பாடுவான்' என்னும் ஒற்றுமைத் திட்டத்தை அறிவித்தன. 30 வெள்ளிக்கு ஆறு மாதம். அந்த விலைப்படி ஆண்டுக்கு 60 வெள்ளி. 365 எங்கே, 60 எங்கே! இத்தகைய நீண்ட நாள் திட்டம் இப்போது என்ன இருக்கிறது, யாருக்குக் கிடைக்கும் என்று கடையில் முதலில் கேளுங்கள். கேட்காதவருக்குக் கடைக்காரர் விலை கூடிய பாக்கேஜையே எடுத்து நீட்டக்கூடும்.

எவ்வளவு டேட்டா வேண்டும்? வாட்ஸ்அப்பில் முகம் பார்க்காமல் குரலால் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை முதல் ஒரு எம்.பி. செலவாகும். தினம் பத்து நிமிடம் பேசினாலும் மாதம் 300 எம்.பி.தான், ஒரு ஜி.பி.யில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படம் பார்ப்பதோ ஒரு மணி நேரத்தில் அரை ஜி.பி.க்கு மேல் தின்றுவிடும். ஒரு மாதம் உங்கள் செலவைக் குறித்துவைத்துப் பாருங்கள். உங்கள் அளவு தெரிந்துவிடும்.

விலைக்கு முன் 'லைன்' கிடைக்கிறதா என்று பாருங்கள். அண்டை வீட்டாரின் கைபேசியை வாங்கி, உங்கள் வீட்டு அடுப்படியிலும் வேலைக்காட்டிலும் சோதித்துப் பாருங்கள். கம்பெனியை மாற்ற எண்ணை மாற்றவேண்டியதில்லை. 2008 முதல் பழைய எண்ணோடு வேறு கம்பெனிக்குப் போகும் உரிமை நமக்கு உண்டு.

தோழர்களே, எண் போனால் போகட்டும், புதிது வாங்கலாம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கு, பாங்கிக் கணக்கு, அரசாங்க உதவித்தொகை, ஆஸ்பத்திரித் தேதி எல்லாம் அந்த எண்ணோடு கட்டுண்டு கிடக்கின்றன. ரத்தான எண்ணைக் கம்பெனி பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்களுக்கு வரவேண்டிய ரகசியக் குறியீடு முன்பின் தெரியாதவர் கைக்குப் போகலாம். இருபது ஆண்டு உழைப்பின் சேமிப்புக்கு வாசற்கதவு அந்த எண்!

ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்வோம்.

ஒன்று: சிம் கார்டு உங்கள் சொந்த மைகார்டில் பதிவாகி இருக்கட்டும். 2006 முதல் பதிவு கட்டாயம். இன்னொருவர் பெயரில் இருந்தால், கார்டு தொலைந்தபின் எண்ணை மீட்பது பெரும்பாடு.

இரண்டு: ரீலோட்டைச் சம்பள நாளோடு சேருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் வரவேண்டும். அன்றே கெடு தேதியைப் பார்த்து, வீட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

மூன்று: இருப்பில் பணம் குவிந்திருந்தால் சும்மா விடாதீர்கள், அதிலிருந்தே பாக்கேஜ் வாங்கலாமா என்று கேளுங்கள். பாக்கேஜ் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாமென்றால் நிறுத்திவையுங்கள். பாக்கேஜ் இல்லாத நாளில் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

நான்கு: '3' என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணிலிருந்து கேட்காத செய்தி வந்து பணம் பிடிக்கப்பட்டால், அதே எண்ணுக்கு 'ஸ்டாப் ஆல்' என்று ஆங்கிலத்தில் அனுப்புங்கள். அதன் பிறகும் பிடித்தால் முதலில் கம்பெனியிடம் புகார் செய்யுங்கள். தீரவில்லையேல் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள்.

புகாரால் பயன் உண்டா என்கிறீர்களா? 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தபோது ரீலோட்டுக்கும் 6 விழுக்காடு வரி விழுந்தது. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. 2016 தொடக்கம் முதல் அந்தத் தொகை மலேசியர்களின் இருப்பில் திருப்பிச் சேர்க்கப்பட்டது. கேட்டவர் பலர், ஆகவே கிடைத்தது.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசிக்கு வரும் மலாய், ஆங்கிலச் செய்திகளை வாசிக்க இயலாத முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து, இருப்பையும் கெடு தேதியையும் பார்த்துச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை வெள்ளிக்கு எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி, கோயில் மண்டபத்திலோ சங்கப் பலகையிலோ ஒட்டுங்கள்.

சிக்கனம் என்பது பேசாமல் இருப்பதல்ல. பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பேசாத நாளுக்குக் கூலியைக் கொட்டிக் கொடுக்காதீர்கள், அவ்வளவே. இன்றிரவே வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசியின் கெடு தேதியையும் பாருங்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!