விடையெழுதாத கடிதம்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாளில் ஆற்றிய உரை)



குடும்ப உறவுகளில் ஏற்படும் ஏமாற்றங்களையும் அவற்றிடையே பிறக்கும் நம்பிக்கையையும் பற்றிப் பேசுமாறு குழுவினர் பணித்தனர். நான் சொற்பொழிவாளன் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின்னர் அரசாங்கப் பணியில் சேர்ந்து, பிறர் நிரப்பிய பாரங்களைச் சரிபார்த்தே காலங்கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை மட்டும் கூறி அமர்கிறேன். அது என் குடும்பமே.

சுங்கை சிப்புட்டிற்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பாட்டனார் பால்மரம் வெட்டினார். 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும் வாய்ப்பு வந்தது. "ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம்" என்று அவர் அதனைக் கைவிட்டார். அவரைப்போல் கைவிட்டோர் பலர். அவர்கள் கையில் சிவப்பு அடையாள அட்டையே தங்கிற்று. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டிய நிலை 1969இல் ஏற்பட்டது. அதன் விளைவாகத் தோட்டங்களை விட்டு இந்தியா திரும்பிய தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் என்பர்.

அவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். 1970இல் பினாங்கில் 'ரஜுலா' கப்பலேறினார். உடன் சென்றவர்கள் என் பாட்டியாரும், 1955இல் தோட்டத்திலேயே பிறந்த என் சித்தப்பாவும். என் தந்தையார் பதினெட்டு வயது நிறைந்ததும் விண்ணப்பித்து நீல அட்டை பெற்றிருந்தார். அதனால் இங்கேயே தங்கினார். ஒரே லயத்து வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள், அட்டையின் நிறத்தால் பிரிந்தனர்.

சட்டத்தை மட்டும் குறை கூறிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் அதற்குப் பிறகும் எட்டாண்டுகள் கடிதங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. அவற்றை நிறுத்தியது எந்த அரசாங்கமும் அன்று. 1978இல் பாட்டனார் காலமானார். கருமாதிச் செலவுக்குப் பணம் கேட்டுச் சித்தப்பா எழுதினார். அது அடைமழைக் காலம். வெட்டு நாள்கள் குறைந்து சம்பளமும் குறைந்திருந்தது. தந்தையார் ஐம்பது வெள்ளி அனுப்பினார். "பிச்சை வேண்டாம்" என்று மறுகடிதம் வந்தது. தந்தையார் அதற்கு விடை எழுதவில்லை. அதைக் கிழிக்கவும் இல்லை. மைலோ டின் ஒன்றில் வைத்திருந்தார்.

தோட்டம் செம்பனைக்கு மாறியபின் நாங்கள் ஈப்போ, புந்தோங்கில் குடியேறினோம். 2011இல் தந்தையார் மறைந்தார். அடுத்த ஆண்டே அவ்வீட்டின் பெயர்மாற்றம் குறித்து எனக்கும் என் அண்ணனுக்கும் வாக்குவாதம் முற்றியது. நான் பேசிய பேச்சைத் தாய்மார்கள் அமர்ந்திருக்கும் இச்சபையில் கூற இயலாது. ஆறாண்டுகள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திருமணங்களில் ஒருவர் வரும் நேரமறிந்து மற்றவர் புறப்பட்டுவிடுவோம். என் பிள்ளைகள் தம் பெரியப்பாவைத் தெரியாமல் வளர்ந்தனர்.

2018இல் மைலோ டின்னிலிருந்த முகவரியை நம்பித் திருச்சிக்கு விமானமேறினேன். சித்தப்பாவின் ஊர் துறையூர்ப் பக்கம். திரைப்படங்களில் வருவதுபோல் அவர் ஓடிவந்து கட்டித் தழுவவில்லை. "இத்தனை வருஷம் கழித்து எதற்கப்பா வந்தாய்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. சின்னம்மாதான் காப்பி கொடுத்து உட்காரச் சொன்னார். சற்று நேரம் கழித்து, பெரட்டுக் களம் இன்னும் இருக்கிறதா, மாரியம்மன் கோயிலருகே இருந்த நாவல்மரம் நிற்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். "நான் பிறந்த மண்ணில் வேலை செய்ய என் அப்பாவுக்குப் பர்மிட் இல்லை" என்று ஒரே ஒருமுறை கூறினார்.

பின்னர் உள்ளே சென்று ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். 1976இல் தந்தையார் அனுப்பியது. ஈப்போ ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. நாற்காலியில் ஒரு குழந்தை. "பெரியவன் எப்படி இருக்கிறான்? அவனோடு பேசவேண்டும், கூப்பிடு" என்றார்.

அவையோர்களே, அந்தத் திண்ணையில் எனக்கேற்பட்ட வெட்கத்தை நான் எந்நாளும் மறவேன். அண்ணனின் எண் என் கைப்பேசியில் இல்லை. மனைவியை அழைத்து, அண்ணியாரிடம் கேட்டுப் பெற்றேன். மணி அடித்தது. "யார்?" என்றார் அண்ணன். "நான்தான், சித்தப்பா வீட்டிலிருந்து" என்றேன். நெடுநேரம் ஓசையே இல்லை; இணைப்பு அறுந்ததென எண்ணினேன். பிறகு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

நான் கைப்பேசியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குச் சென்று நின்றேன்.

எல்லாம் சீராகிவிட்டதென்று நான் கூறினால் அது பொய்யாகும். வீட்டுப் பெயர்மாற்றம் இன்னும் முடியவில்லை. தீபாவளியன்று பேச்சு அத்திசையில் திரும்பினால் அண்ணியார் பலகாரத் தட்டுடன் இடையில் வந்துவிடுவார்; அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். தந்தையாரும் சித்தப்பாவும் இழந்த நாற்பதாண்டுகளை எவராலும் திருப்பித் தர இயலாது.

2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியக் கடப்பிதழுடையோர் முப்பது நாள் விசாவின்றி வரலாமென நம் அரசாங்கம் அறிவித்தது. அடுத்த ஆண்டு சித்தப்பா வந்தார். விமானச் சீட்டுக்குப் பணம் கட்டியவர் அண்ணன். புந்தோங் வீட்டில்தான் தங்கினார். பழைய தோட்டத்திற்கு மூவரும் சென்றோம். லயங்கள் இல்லை, வரிசை வரிசையாகச் செம்பனை. நாவல்மரம் மட்டும் நின்றது. சித்தப்பா அதன் அடியில் செருப்பைக் கழற்றினார். அண்ணன் குனிந்து அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை விமானச் சீட்டு என் பொறுப்பென்று அண்ணனிடம் கூறியிருக்கிறேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.