எழுத்துப்பெட்டியின் நிறத்தை முடிவு செய்வது யார்?



பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கணினியில் நிரப்பும் அந்த நீண்ட வெள்ளைப் பெட்டியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. டெக்ஸ்ட் பாக்ஸ் என்பார்கள். அதை இளமஞ்சளாக மாற்ற வேண்டும் என்று ஒரு நிரலாளருக்கு ஆசை வருகிறது. விண்டோஸின் அடிப்படை அழைப்புகளைப் புரட்டிப் பார்க்கிறார். சாதாரணப் பெட்டியிடம் நேரடியாக ‘நிறம் மாறு’ என்று சொல்லும் கட்டளை அங்கே இல்லை!

நடப்பது வேறு. பெட்டி தன்னை வரைந்துகொள்ளும் போதெல்லாம், தன்னைத் தாங்கி நிற்கும் சாளரத்துக்கு ‘சிடிஎல்கலர்எடிட்’ என்ற செய்தியை அனுப்பி நிறம் கேட்கிறது. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை, எந்தச் சட்டை என்று அம்மாவிடம் கேட்பது போலத்தான். அந்தச் சாளரத்துக்குப் பெயரே தாய்ச் சாளரம்தான். அது ‘செட்டெக்ஸ்ட்கலர்’ அழைப்பால் எழுத்தின் நிறத்தைச் சொல்கிறது. ‘செட்பிகேகலர்’ அழைப்பால் எழுத்துக்கு அடியில் வரும் நிறத்தைச் சொல்கிறது. மீதி இடத்தை நிரப்ப ஒரு தூரிகையைத் திருப்பித் தருகிறது. பின்னிரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எழுத்துகள் ஒட்டுப்போட்ட துணி போல வேறு நிறப் பட்டையில் நிற்கும்.

கேள்வி வரும்போதெல்லாம் புதுத் தூரிகை செய்து கொடுப்பவர்களும் உண்டு. விண்டோஸ் ஒரு நிரலுக்கு வழக்கமாக அனுமதிக்கும் வரைபொருள்கள் 10,000 மட்டுமே. காலையில் நன்றாக ஓடிய முகப்பு நிரல், மாலையில் பாதித் திரை வரையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். தொடக்கத்தில் ஒரே தூரிகை செய்து, முடிவில் அழித்துவிட்டால் தொல்லையில்லை.

முடக்கி வைத்த பெட்டியோ ‘சிடிஎல்கலர்ஸ்டாட்டிக்’ என்ற வேறு செய்தியால் கேட்கும். பின்னணி மாறினாலும் எழுத்து சாம்பல் நிறத்திலேயே இருக்கும். முதியவர் ஒருவர் தமது விவரத்தைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் இந்த மங்கல் எழுத்து எதற்கு? ‘படிக்க மட்டும்’ என்று அமைத்தால் திருத்தவும் முடியாது, சொன்ன நிறத்தையும் அது ஏற்கும்.

தமிழுக்கும் ஒரு சொல். விண்டோஸ் 2000-இலிருந்து வரும் லதா போன்ற எழுத்துருவை ‘செட்ஃபாண்ட்’ செய்தியால் பெட்டிக்குத் தரலாம். ஆனால் பெட்டியின் உயரம் தானாக வளராது. உயரத்தையும் சேர்த்து மாற்றாவிட்டால் இகரக் குறியும் உகரக் குறியும் வெட்டுப்படும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் இனித்தான் வருகிறது. பார்வை குறைந்தவர் பலர், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து தரும் ஹை காண்டிராஸ்ட் வசதியை இயக்கி வைத்திருப்பார்கள். நிரலாளர் விண்டோஸ் தரும் நிறங்களை முதலில் வாங்கிக்கொண்டு, பின்னணியை மட்டும் தமக்குப் பிடித்த வெளிர்மஞ்சளாக்குகிறார். எழுத்து வெள்ளையாகவே இருக்கிறது. வெளிர்மஞ்சளில் வெள்ளை! தட்டச்சு செய்தவருக்கு எதுவுமே தெரியவில்லை. தம் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் கடவுச்சொல் வரை சொல்லிவிடுகிறார்.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. ஒன்றை மாற்றினால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஹை காண்டிராஸ்ட் இயங்குகிறதா என்று ‘சிஸ்டம்பாராமீட்டர்ஸ்இன்ஃபோ’ அழைப்பில் கேட்கலாம். ஆம் என்று பதில் வந்தால், சொந்த ரசனையை ஒதுக்கிவிட்டு அந்தச் செய்தியை விண்டோஸிடமே விட்டுவிடலாம். பயனர் தேர்ந்த நிறத்தை அது கொடுக்கும். சோதித்துப் பார்க்க, இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, வரும் கேள்விக்கு ‘சரி’ சொன்னால் போதும்.