நெஞ்செரிச்சல் மாத்திரையை விடுவது எப்படி?

விடியுமுன் வெறும் வயிற்றில் கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடும் நம்மில் பலர், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ராசோல் விழுங்கியே வருடக்கணக்கில் காலந்தள்ளுகிறோம். கிராணிமாரும் இதற்கு விலக்கல்ல.

அதைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கிக் கிடந்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். சில வாரம் நெஞ்சு தகிக்கும். நோயே திரும்பிவிட்டதென்று பயந்து மறுபடியும் மாத்திரைக்கே போகிறோம். ஆகவே டாக்டரைக் கேட்டு, 40 மில்லிகிராமை 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைக்க வேண்டும். இடையில் எரிந்தால் வெள்ளைத் தண்ணீர் மருந்து கைகொடுக்கும். இராச்சோற்றைப் படுக்க 3 மணி நேரம் முன்பே முடிப்போம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் 6 அங்குலக் கட்டை வைப்போம். தலையணையை அடுக்குவது வீண்.

ஆனால், மூட்டுவலி மாத்திரை தினம் தின்பவர்களும், குடற்புண்ணில் இரத்தம் கசிந்தவர்களும் தாமாகக் குறைக்கவே கூடாது. அவர்களுக்கு அதுதான் காவல். சோறு நெஞ்சில் அடைத்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருநாள் பேர் போகிறதே என்று பார்க்கக் கூடாது.