எல்லையைப் பற்றிக் கேட்கலாமா?

 ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பெருமையோடு குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை, நம் திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்று கருதுவோர் பலர். அங்கே அன்று என்ன நடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. படையெடுத்த மன்னனை நிறுத்தி வைத்து, "ஏன் போனீர்கள், எத்தனை பேரை இழந்தீர்கள்" என்று கேட்கும் அவை அந்தக் காலத்தில் கிடையாது. அரசன் எதைச் செதுக்கச் சொன்னானோ அதுவே செய்தி. அதே வலியசாலை இன்று ஒரு மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியிருக்கிறது. 1971இல் அந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பியவர் வி. கே. கிருஷ்ண மேனன், 1957 முதல் 1962 வரை நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 2009 முதல் அது அனுப்பிவருபவர் சசி தரூர். வெளியுறவுத் துறையில் இணையமைச்சராக இருந்துவிட்டு, பிறகு அத்துறையைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைவரானவர். பதில் சொல்லும் இடத்தையும் கேள்வி கேட்கும் இடத்தையும் பார்த்த இருவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி இது. ஆகவே இன்றைய பேச்சின் பொருள் இந்த ஊருக்கு அந்நியமானதல்ல.

ராணுவமும் வெளியுறவும் நாடாளுமன்றத்தில் கிளறக் கூடாத விஷயங்கள் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. எதிரி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நம் அமைச்சரை நாமே குறுக்கு விசாரணை செய்யலாமா என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அமைச்சர் அவையில் சொன்ன பதிலால் நாடு பட்ட நஷ்டத்தைவிட, சொல்லாமல் விட்ட பதிலால் பட்ட நஷ்டம் பெரிது. இதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், கேள்வி நேரம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் காலை 11 மணி முதல் ஒரு மணி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு இருபது. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். கேள்விகள் நாட்கணக்கில் முன்பே அமைச்சகத்துக்குப் போய்விடுவதால் அச்சிட்ட பதில் யாரையும் திணறடிக்காது. திணறடிப்பது பதிலைத் தொடர்ந்து எழும் துணைக் கேள்வி. அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று அமைச்சருக்குத் தெரியாது. அதற்காகவே அதிகாரிகள் பக்கம் பக்கமாகக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கிறார்கள். வெளியே தெரியாத பயன் ஒன்றும் இதில் இருக்கிறது: கேள்வி வந்துவிட்டால் கோப்பு நகரும். தூங்கிக்கொண்டிருந்த ஒரு விவரத்தை யாராவது சரிபார்த்துக் கையெழுத்திட்டாக வேண்டும். நாளை அது தவறென்று தெரிந்தால் அந்தப் பதில் அச்சில் நிற்கும்.

இனி 1950களின் பிற்பகுதிக்குப் போவோம். சிங்கியாங்கையும் திபெத்தையும் இணைத்து, லடாக்கில் உள்ள அக்சாய் சின் வழியே சீனா சாலை போட்டது. போட்டு முடித்ததை 1957 இலையுதிர் காலத்தில் சீனப் பத்திரிகையே எழுதியது. நம் அரசு 1958 கோடையில் இரண்டு ரோந்துக் குழுக்களை அனுப்பிப் பார்த்தது; ஒரு குழுவைச் சீனர்கள் பிடித்து வைத்தார்கள். 1958 அக்டோபர் 18ஆம் தேதி எதிர்ப்புக் குறிப்பு போனது. டிசம்பரில் நேரு கடிதம் எழுதினார். 1959 ஜனவரியில் சீனப் பிரதமர் சூ என்லாய், எல்லை முறைப்படி வரையறுக்கப்பட்டதே இல்லை என்று பதில் எழுதினார். இத்தனைக்கும் பிறகு, வெளியுறவுப் பொறுப்பையும் தாமே வைத்திருந்த பிரதமர் அந்தச் சாலையைப் பற்றி மக்களவையில் சொன்னது 1959 ஆகஸ்ட் இறுதியில். கடிதங்களின் தொகுப்பு வெள்ளை அறிக்கையாக வெளிவந்தது செப்டம்பர் 7ஆம் தேதி. அதுவும் சும்மா வரவில்லை. ஆகஸ்ட் 25ஆம் தேதி கிழக்கே லாங்ஜுவில் துப்பாக்கிச் சூடு நடந்து, உறுப்பினர்கள் விடாமல் கேட்ட பிறகே வந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் யாரிடமிருந்து இந்த ரகசியம் காக்கப்பட்டது? சாலை போட்டவன் சீனன். அவனுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. எதிர்ப்புக் குறிப்பைப் பெற்றவனும் அவனே. தெரியாமல் இருந்தது நம் நாடாளுமன்றத்துக்கும், அதை அனுப்பிய மக்களுக்கும் மட்டும்தான். எதிரிக்குத் தெரிந்த ஒன்றைச் சொந்த அவைக்கு மறைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. நேருவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவையில் அவரைப் போலப் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்ன பிரதமர்கள் குறைவு. அப்படிப்பட்டவரே பேசித் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஓராண்டுக்கு மேல் வாய் திறக்காமல் இருந்தார் என்பதுதான் கவலைக்குரியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெள்ளை அறிக்கை வந்த பிறகு நாடாளுமன்றம் கொதித்தது. ஒரு அங்குலமும் விடக் கூடாது என்று உறுப்பினர்கள் முழங்கினார்கள். 1960 ஏப்ரலில் சூ என்லாய் டெல்லிக்கு வந்தபோது நேருவால் விட்டுக்கொடுத்துப் பேச முடியவில்லை. 1961இல் முன்னேறிக் காவல் சாவடி அமைக்கும் கொள்கைக்கும் இந்த நெருக்குதல் ஒரு காரணம். ஆகவே அவை அறிந்ததே கேடாயிற்று என்பார்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் மக்கள் கொதித்தது ஏன்? சாலை இருந்ததற்காக மட்டும் அல்ல; இருப்பதைத் தங்களிடம் சொல்லாமல் விட்டதற்காகவும். 1957இலேயே, அல்லது 1958இல் குறிப்பு அனுப்பியபோதாவது, நிலைமை இது, நம்மால் ஆவது இவ்வளவு என்று அவையில் சொல்லியிருந்தால், உறுப்பினர்களுக்கு யோசிக்க அவகாசம் கிடைத்திருக்கும். நிதானமாகக் கேட்க வேண்டியதை லாங்ஜுவில் துப்பாக்கி வெடித்த பிறகு கேட்டால் யாருக்கு நிதானம் இருக்கும்? அடைத்து வைத்த அணை உடைந்ததற்குத் தண்ணீரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனின் கதை வேறு மாதிரி. காஷ்மீர் பிரச்சினையில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் 1957 ஜனவரியில் எட்டு மணி நேரம் வரை பேசியவருக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. உள்நாட்டு ஆயுத உற்பத்திக்கு அவர் போட்ட அடித்தளத்தை இன்று அவருடைய எதிரிகளின் வாரிசுகளும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்பவரை அறிவிலியாகப் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. 1959இல் ராணுவத் தளபதி திம்மையா மேனனோடு முரண்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்து, திரும்பப் பெற்றார். அவையில் எழுந்து மேனனைக் காத்தவர் நேரு. 1961இல் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த ஆசார்ய கிருபளானி மானியக் கோரிக்கை விவாதத்தில் மேனனைக் கடுமையாகத் தாக்கினார். ஆயுதத் தொழிற்சாலைகளில் காபி வடிக்கும் கருவி செய்கிறார்கள் என்ற கேலியும் அப்போது உலவியது. காபிப் பிரியர்களான நமக்கு அது குற்றமாகப் படாது, அது வேறு விஷயம்! கேலிக்குப் பின்னே உண்மையான கேள்வி இருந்தது: மலையில் நிற்கும் சிப்பாயிடம் பூட்ஸ் இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா, சாலை எட்டுகிறதா? கேட்டவர்களின் நோக்கம் அரசியல்தான். பலருக்கு மேனனின் இடதுசாரிச் சார்பே உறுத்தல். கேட்டவனின் நோக்கம் பழுதென்பதால் கேள்வியும் பழுதாகிவிடாது. 1962 அக்டோபர் 20ஆம் தேதி சீனப்படை இறங்கியபோது அதே கேள்விகள் பனியில் நின்று திரும்பக் கேட்கப்பட்டன. நவம்பர் 7ஆம் தேதி மேனன் பதவி விலகினார்.

மறுநாள், நவம்பர் 8ஆம் தேதி, நாடாளுமன்றம் கூடியது. போர் நடந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தை முன்கூட்டியே கூட்ட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் இளைஞராக இருந்த வாஜ்பாய் ஒருவர். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனை வந்தபோது நேரு மறுத்துவிட்டார். இது நாடே அறிய வேண்டிய விஷயம் என்றார். 165 உறுப்பினர்கள் பேசினார்கள். எத்தனையோ கசப்பான பேச்சு. அந்த ஒரு வார விவாதத்தால் எல்லையில் ஒரு சாவடி கூடுதலாக விழுந்தது என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. 1959 ஆகஸ்ட் வரை வாய் மூடியிருந்த அதே நேரு, 1962இல் அவையைத் திறந்து வைத்தார். முந்தைய மௌனத்தின் விலையை அவர் அதற்குள் உணர்ந்திருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

பழைய கதை போதும் என்பவர்களுக்குப் பக்கத்து உதாரணம் ஒன்று. 2013 ஆகஸ்டில் பூஞ்ச் பகுதியில் நம் வீரர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. ஆன்டனி, நம் கேரளத்தவர், ஆகஸ்ட் 6ஆம் தேதி அவையில், ஆயுதம் தாங்கிய பயங்கரவாதிகளும் பாகிஸ்தான் ராணுவ உடையணிந்தவர்களும் தாக்கியதாகச் சொன்னார். உடையணிந்தவர்கள் என்றால் ராணுவத்தினரா, இல்லையா? எதிர்க்கட்சிகள் விடவில்லை. பாகிஸ்தான் தப்பிக்க வழி கொடுக்கிறீர்கள் என்று அவையை முடக்கினார்கள். ராணுவத் தளபதி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆகஸ்ட் 8ஆம் தேதி அமைச்சர் மறுபடி எழுந்து, தாக்குதலில் பாகிஸ்தான் ராணுவத்தின் சிறப்புப் படையினர் ஈடுபட்டிருந்தனர் என்று தெளிவுபடுத்தினார். இரண்டே நாள். அவை துருவாமல் இருந்திருந்தால் முதல் வாசகமே உலகத்தின் முன் இந்தியாவின் நிலையாக நின்றிருக்கும். கேள்வி இங்கே அரசை வலுவிழக்கச் செய்யவில்லை. அரசின் வாக்கையே திருத்திக் கொடுத்தது.

எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்ற வாதத்துக்கு வருகிறேன். படை எங்கே நகர்கிறது, எந்த ஆயுதம் எந்த மலையில் இருக்கிறது, உளவு எங்கிருந்து வந்தது, நடந்துகொண்டிருக்கும் பேச்சுவார்த்தையில் எதை விடத் தயார் என்பவற்றை அமைச்சர் சொல்லக் கூடாது. சொல்லச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. ரகசியத் தன்மையுள்ள விஷயங்களையும், நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகச் சுட்டும் கேள்விகளையும் அவை விதிகளே தடுக்கின்றன. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரகசியம் என்ற போர்வை எதற்கு வேண்டுமானாலும் போர்த்தப்படும்போது. ரஃபேல் விமானத்தின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 நவம்பரில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர், ஒரு விமானம் சுமார் 670 கோடி ரூபாய் என்று மக்களவையில் எழுத்தில் பதில் தந்தார். 2018 பிப்ரவரியில் விலை விவரம் கேட்டபோது, பிரான்சுடன் செய்த ஒப்பந்தப்படி வெளியிட முடியாது என்றார் பாதுகாப்பு அமைச்சர். ஆயுதக் கருவிகள் சேர்ந்த விலை வேறு, வெற்று விமானத்தின் விலை வேறு என்று அரசுத் தரப்பில் விளக்கம் உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தை முதல் நாளே அவையில் வைத்திருந்தால் பாதிக் கூச்சல் மிச்சமாகியிருக்கும்.

இதோடு இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கேள்விக்குப் பதிலாக அறிக்கை வாசிக்கும் வழக்கம் அது. மக்களவை விதிகளில் 372ஆம் விதியின்படி அமைச்சர் தாமாக அறிக்கை தந்தால், அந்த நேரத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது. 2020 செப்டம்பரில், கல்வானில் இருபது வீரர்கள் உயிர்நீத்து மூன்று மாதம் ஆன நிலையில், பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் லடாக் நிலைமை பற்றி மக்களவையில் அறிக்கை வாசித்தார். பேச வாய்ப்புக் கிடைக்காத காங்கிரஸ் வெளிநடப்புச் செய்தது. நோய்த்தொற்றைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் கைவிடப்பட்டிருந்தது. எழுத்து மூலப் பதில்கள் மட்டும் வந்தன. லடாக்கில் சீனா பிடித்து வைத்திருக்கும் 38,000 சதுர கிலோமீட்டரை அமைச்சரின் அறிக்கை மறைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் துருவிக் கேட்பதற்குத்தான் இடமில்லை. பூஞ்ச் விஷயத்தில் இரண்டு நாளில் உண்மையை வெளியே இழுத்த கருவி அதுதானே.

உறுப்பினர்களுக்கு ராணுவம் என்ன தெரியும், கத்தத்தானே தெரியும் என்பது கடைசி மறுப்பு. சிலருக்குக் கத்த மட்டும்தான் தெரியும், உண்மைதான். அதற்காகவே 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் மூடிய அறையில் கூடுகின்றன. காமிரா இல்லாத இடத்தில் எல்லாக் கட்சியினரும் ஆச்சரியப்படும் அளவுக்கு நிதானமாகப் பேசுகிறார்கள். டோக்லாமில் இந்தியச் சீனப் படைகள் 2017இல் எதிரெதிரே நின்றதைப் பற்றி, தரூர் தலைமையிலான குழு செயலாளர்களை அழைத்துக் கேட்டு, 2018இல் அறிக்கை தந்தது. அதிகாரிகள் வந்து விளக்கினார்கள். குழுவில் ஆளுங்கட்சியினரும் இருந்தார்கள். ஆனால் குழு முன் அமைச்சர் நிற்பதில்லை. அவரை நிற்க வைப்பது அவைதான். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

மறைப்பதற்கும் வெளியிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு அறிக்கைகள் காட்டுகின்றன. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை இன்றும் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. 2010இல் அதைப் பற்றிக் கேட்டபோது, இன்றைய ராணுவ நடவடிக்கைகளுக்கும் பொருந்தும் விவரம் அதில் இருக்கிறது என்று ஆன்டனி பதில் அளித்தார். 2014இல் அதன் பெரும்பகுதியை வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் இணையத்தில் போட்டுவிட்டார். அப்புறமும் பூட்டு திறக்கவில்லை. கார்கில் போர் விஷயத்தில் நாம் வேறு வழி போனோம். 1999 ஜூலை 26இல் போர் முடிந்தது. 29ஆம் தேதியே, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. ஆபத்தான பகுதிகளைக் கறுப்படித்துவிட்டு, 2000 பிப்ரவரி 23ஆம் தேதி அந்த அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உளவுத்துறையின் குறைகள், படைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லாமை எல்லாம் அச்சில் வந்தன. அதைத் தொடர்ந்து அமைச்சர் குழு ஒன்று பரிந்துரைகள் செய்தது; 2001இல் முப்படைகளின் ஒருங்கிணைந்த தலைமையகம் பிறந்தது; அந்தக் குழு கேட்ட முப்படைத் தலைமைத் தளபதி பதவி 2019 டிசம்பரில் உருவாயிற்று. சுப்ரமணியத்தின் மகன் எஸ். ஜெய்சங்கர் அந்த ஆண்டிலிருந்து வெளியுறவு அமைச்சராக அதே அவைகளில் எழுந்து நின்று பதில் சொல்லிவருகிறார். அவரைத் துருவிக் கேட்கக்கூடிய உறுப்பினர்களில் வலியசாலைக்காரர்கள் வாக்களித்து அனுப்பியவரும் ஒருவர்.