விசில் வந்து சேர ஒரு நொடி

போன எபிசோடு முடிவுல, "அடுத்த வாரம் ஒரு நாய்ப் போட்டியில வேலை பார்க்கப் போறேன்"னு சொல்லிட்டுப் போனேன். இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி: நாய்க் கண்காட்சியா, ரேஸா? ரெண்டும் இல்ல. ஆடு மேய்க்கிற நாய்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப். நடக்கிறது வேல்ஸ்ல.

புதுசா கேட்கிறவங்களுக்கு: நான் மான்செஸ்டர்ல கோடு எழுதிப் பிழைக்கிறவன். ரெண்டு வருஷமா பாதி சனி ஞாயிறு வடக்கு வேல்ஸ்ல ஒரு மலைப் பண்ணையில கழியுது. முதல் தடவை ரெண்டு நாள் தங்கத்தான் போனேன். பண்ணைக்காரருக்கு எழுபது வயசு தாண்டிடுச்சு. வேலி கட்ட ஒரு கை குறையுதுன்னு கூப்பிட்டார், அப்படியே ஒட்டிக்கிட்டேன். பேரைச் சொல்ல வேண்டாம்னுட்டார், அதனால இங்க அவர் வெறும் பெரியவர். அவரோட நாய் மெக். ஆறு வயசு, கறுப்பு வெள்ளை பார்டர் கோலி.

போட்டி எப்படின்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு பெரிய மலைச் சரிவு. கீழ ஒரு கம்பம் நட்டிருப்பாங்க, ஹேண்ட்லர் அங்கேயே நிக்கணும். சுமார் நானூறு கெஜம் மேல அஞ்சு செம்மறி ஆடு. நாய் பக்கவாட்டுல அகலமா வளைஞ்சு ஓடி ஆடுகளுக்குப் பின்னால போகணும், அது அவுட்ரன், 20 மார்க். அங்க ஆடுகளை மிரளாம நகர்த்தணும், அது லிஃப்ட், 10 மார்க். நேர்கோட்டுல கீழ கொண்டு வரணும், அது ஃபெட்ச், 20. அப்புறம் ஹேண்ட்லரை விட்டு விலகி, கேட்டுகளுக்கு நடுவுல ஓட்டிட்டுப் போற டிரைவ், 30. கடைசியா கூட்டத்தைப் பிரிக்கிறது, பட்டியில அடைக்கிறது. எல்லாத்துக்கும் சேர்த்துப் பதினஞ்சு நிமிஷம். முழு மார்க்குல தொடங்கி, தப்புக்குத் தப்பு கழிச்சுக்கிட்டே வருவாங்க. மூணு நாள்ல 150 நாய் ஓடும். முதல் பதினஞ்சுதான் வேல்ஸ் டீம்.

இந்தப் பிரிட்டன்ல பதிவான முதல் போட்டி 1873ல, வேல்ஸ்ல பாலாங்கிற ஊர்ல நடந்தது. ஜெயிச்சது ஜேம்ஸ் தாம்சன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ட்வீட்ங்கிற நாயோட. பெரியவர் அதை இன்னும் மன்னிக்கல. அவர் முப்பது வருஷமா ஓட்டுறார், ஒரு தடவை கூட டீமுக்குள்ள வரல.

டிவியில இதைப் பார்த்தவங்களுக்குப் பட்டியில அடைக்கிற காட்சி ஞாபகம் இருக்கும். பிபிசி 1976லயே இதை நிகழ்ச்சியா போட ஆரம்பிச்சிடுச்சு. பட்டி கேமராவுக்கு வசதி, பக்கத்துல நடக்குது. ஆனா நிஜப் பரீட்சை மேல நடக்குதுன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா எனக்குக் கொடுத்த வேலை மேலதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அஞ்சு ஆட்டைத் திறந்து விடுறவங்களுக்கு எடுபிடி. கூட்டமெல்லாம் கீழ ஹேண்ட்லரைப் பார்க்கும். நாய் முகத்தைப் பார்க்கிறது நாங்க நாலு பேர் மட்டும்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நானூறு கெஜம்னா 366 மீட்டர். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அவர் ஊதின விசில் நாய் காதுக்கு வரவே ஒரு நொடிக்கு மேல. அவர் பார்த்த காட்சிக்கு அவர் கொடுத்த ஆர்டர், வந்து சேரும்போது பழசாயிடுது. அதுக்குள்ள நாய் சில மீட்டர் தாண்டிடும், ஆடு தலையைத் திருப்பிடும். சர்வர் லேட்டன்ஸி நூறு மில்லி செகண்ட் ஏறினாலே நாங்க மீட்டிங் போடுவோம். இங்க ஆயிரம் மில்லி செகண்டை வச்சுக்கிட்டு மலையில வேலை நடக்குது. அதனாலதான் நல்ல ஹேண்ட்லர் லிஃப்ட்ல அதிகம் ஊத மாட்டார்.

இப்போ ஒரு விஷயம் ஒத்துக்கணும்.

போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, மெக் கொட்டகையில தூங்கிட்டிருந்தா. நான் குவாட் பைக்கை வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். அவ எழுந்திருக்கல. கால் வைக்கிற அதிர்வு பட்டதும்தான் துள்ளி எழுந்தா. பார்டர் கோலி இனத்துல, வளர்ந்த பிறகு காது மங்குற பரம்பரைக் குறை ஒண்ணு உண்டு. அதை நான் எப்பவோ படிச்சிருந்தேன். பெரியவர்கிட்ட சொல்லல. ஒரே ஒரு தடவை நடந்தது, திரும்ப ரீப்ரொட்யூஸ் ஆகல, அதனால பக் இல்லன்னு எனக்கு நானே டிக்கெட்டை மூடிட்டேன். முப்பது வருஷம் காத்திருந்த மனுஷன்கிட்ட இதை எப்படிச் சொல்றதுங்கிறதுதான் உண்மைக் காரணம்.

ரெண்டாம் நாள், மதியம் அவங்க முறை. காத்து எங்க பக்கமிருந்து கீழ நோக்கி அடிச்சது. மெக் வலது பக்கமா கிளம்பி அகலமா வந்தா, அவுட்ரன் அழகு. ஆடுகள் வேல்ஸ் மலை இனம், சும்மா இருமினாலே சிதறும். ஆட்டுக்குப் பின்னால அவ வளைஞ்சு வரும்போது நிறுத்தச் சொல்ற நீண்ட விசில் வந்தது. எனக்கே மெலிசாத்தான் கேட்டது. முன்னாடி வந்த நாய்களுக்கெல்லாம் அந்த நேரத்துல ஒரு காது திரும்பும், நான் காலையிலிருந்து பார்த்துட்டே இருந்தேன். அவ காது அசையல.

ஆனா நின்னா. விசில் வந்து ரெண்டு எட்டு தள்ளி, ஆடுகளுக்கு நேர் பின்னால, அவளா நின்னா. தலையைத் தாழ்த்தினா. முன்னால நின்ன கிழட்டு ஆடு அவளையே முறைச்சுது. மெக் ஒரு கால் எடுத்து வச்சா, நிறுத்தினா, இன்னொரு கால். அந்த ஆடு திரும்பி நடக்க ஆரம்பிச்சுது, மத்த நாலும் பின்னாடியே. ஓடல, நடந்துச்சு. என் பக்கத்துல நின்ன ஆள், இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறவர், வாய்க்குள்ள என்னவோ வெல்ஷ்ல சொன்னார். அர்த்தம் கேட்கத் தோணல.

ஃபெட்ச் நேர்கோடு. கிட்ட வர வர விசில் கேட்டிருக்கும். கீழ இருக்கிறவங்க இந்த ஓட்டம் டீமுக்குள்ள வரும்னு நினைச்சிருப்பாங்க. நானும் நினைச்சேன்.

டிரைவ்ல முடிஞ்சது. முதல் கேட் தாண்டினதும் குறுக்கே திரும்பணும். ஆடுகளுக்கு எப்பவும் மத்த ஆடுங்க இருக்கிற பக்கம், அதாவது எங்க பக்கம், ஒரு இழுப்பு இருக்கும். அஞ்சும் மேல ஏற ஆரம்பிச்சுது. பெரியவர் ஊதினார். திரும்ப ஊதினார். மூணாவது தடவை ஊதினது எனக்குத் தெளிவாவே கேட்டது. மெக் முதுகை அவருக்குக் காட்டிக்கிட்டு, பொறுப்பா, ஆடுகளை என்னை நோக்கி ஓட்டிட்டு வந்துக்கிட்டிருந்தா.

அவர் நாலாவது தடவை ஊதல. கைத்தடியைத் தூக்கி ஜட்ஜுக்கு நன்றி சொல்லிட்டு, கம்பத்தை விட்டு இறங்கிட்டார். அப்படி விலகினா ஸ்கோர் கிடையாது. நாயைக் கூப்பிடல, மைதானத்துக்கு நடுவுல மேல ஏறி நடந்து வந்தார், அவ கண்ணுல படுற வரைக்கும். அவ பார்த்தா, ஆட்டை விட்டுட்டு ஓடிப் போனா.

சாயங்காலம் கார் நிறுத்துற இடத்துல, வேன் பின்பக்கம் உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தோம். நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரே கேட்டார்: "மேல, நிறுத்தச் சொன்னேனே, கேட்டுச்சா அவளுக்கு?"

"கேட்கல." அப்புறம் கொட்டகை விஷயத்தையும் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்னும் சொன்னேன்.

"எனக்குக் குட்டி ஈனுற சீசன்லயே தெரியும்"னார். "கிட்ட இருந்தா கேட்குது. காத்து திரும்பினா சமாளிச்சிடலாம்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் பேசல. மெக் அவர் பூட்ஸ் மேல தலை வச்சுத் தூங்கிட்டிருந்தா.

"அப்போ லிஃப்ட்?"னார். "அது நான் சொல்லிப் பண்ணலையா?"

"இல்ல. நீங்க சொன்ன இடத்தைத் தாண்டி ரெண்டு எட்டு போய் நின்னா. நீங்க சொன்ன இடத்துல நின்னிருந்தா அந்தக் கிழட்டு ஆடு இடது பக்கம் உடைஞ்சு ஓடியிருக்கும்."

டம்ளரைக் கீழ வச்சார். "எங்க நின்னா? முதல்லேர்ந்து சொல்லு"னார். சொன்னேன். பண்ணைக்குத் திரும்பற வழியில இன்னும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.