சிலாபத்து நீதிபதி சைமன் காசிச்செட்டி

சிலாபம் நகருக்குக் கிழக்கே, குருநாகல் செல்லும் வழியில், முன்னேஸ்வரம் என்னும் பழம்பெருந் தலம் விளங்குகின்றது. 1578ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அழித்த அக்கோயிலை, 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் மீண்டும் எழுப்புவித்தான். இன்றும் ஆவணித் திருவிழாவிலே தமிழரும் சிங்களவரும் அங்கு ஒருங்கே கூடி வழிபடுகின்றனர்.

கல்லாலாகிய கோயில் இடிந்தால் மன்னன் ஒருவன் அதனை மீண்டும் கட்டுவிக்கலாம். ஓர் இனத்தின் புலவர்களும் அவர்தம் வரலாறும் மறக்கப்பட்டுவிட்டால் அவற்றை மீட்பவர் யார்? 19ஆம் நூற்றாண்டில், முன்னேஸ்வரத்துக்கு அணித்தாயுள்ள சிலாபத்தில் நீதிபதியாயிருந்த ஒருவர் அப்பணியைத் தம் தலைமேற் கொண்டார். அவரே சைமன் காசிச்செட்டி.

அவர் 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்தார். இளமையிலேயே அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, புத்தளத்தில் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். கடலும் களப்பும் உப்பளமும் சூழ்ந்த அந்நாட்டை அவர் நன்கறிந்தார். அவ்வறிவோடு இலங்கை முழுவதையும் நோக்கி, ஊர்கள், ஆறுகள், விளைபொருள்கள், மக்கள் வழக்கங்கள் ஆகியவற்றை அகரவரிசையிலே தொகுத்து, 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 27.

கோல்புறூக்கு ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1833இல் நிறுவப்பட்ட சட்ட நிரூபண சபையில் 15 உறுப்பினர் இருந்தனர். அவருள் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். ஏனைய 6 பேரில் 3 பேர் ஐரோப்பியர். எஞ்சியது சிங்களவருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று. அத்தமிழர் ஆசனத்தில் முதலில் அமர்ந்தவர் ஆ. குமாரசுவாமி முதலியார். அவர் 1836இல் மறைந்தபின், 1838 முதல் 1845 வரை அவ்வாசனத்தை வகித்தவர் காசிச்செட்டி. பின்னர் இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்றார்; அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே என்பர். அதன்பின் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார்.

ஒன்பதின்மர் கை உயர்ந்தால் ஒருவர் குரல் அடங்கிப்போகும் சபை அது. அங்கே சட்டத்தால் ஆற்றக்கூடியது சிறிதே. ஆயினும் தம் மக்களைப் பற்றிய அறிவை ஆள்வோர் மொழியிலே எழுதிவைக்க எவருடைய வாக்கும் வேண்டியதில்லையன்றோ?

1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறிய ‘தமிழ் புளூட்டாக்’ அவ்வகையில் தலையாயது. கிரேக்க, உரோம மேலோர் சரிதங்களை எழுதிய புளூட்டாக்கின் பெயரை முன்வைத்து, ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாற்றை அதில் அவர் தொகுத்தார். ஔவையாரும் கம்பரும் அதிலுண்டு, வீரமாமுனிவரும் உண்டு, ஈழத்துப் புலவரும் உண்டு. தொகுத்தவரோ கிறிஸ்தவர். பாடியவர் எச்சமயத்தவராயினும் தமிழ்ப் புலவர் என்பதே அவருக்குப் போதியதாயிற்று.

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிற் கொணர்ந்தது 1887இலேயே. பழந்தமிழ் நூல்களிற் பல ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய காலத்திற் செய்த முயற்சியாதலால், செவிவழிக் கதைகளும் காலக் குழப்பங்களும் அதிற் புகுந்தன. பின்வந்தோர் அவற்றைத் திருத்தினர். திருத்துதற்கு முதலில் ஒரு நூல் வேண்டுமன்றோ? 1886இல் ஆ. சதாசிவம்பிள்ளை இயற்றிய ‘பாவலர் சரித்திர தீபகம்’ இந்நூலைத் துணைக்கொண்டே எழுந்தது.

1860இல் காசிச்செட்டி மறைந்தார். தமிழரின் வழக்கங்களையும் இலக்கியத்தையும் பற்றி அவர் எழுதிய மற்றொரு நூல் 1934இலேதான் அச்சேறியது. அவர் காலத்திலே இக்கரையோரத்தில் தமிழ் பரவி வழங்கிற்று. 20ஆம் நூற்றாண்டில், பல ஊர்களில் அது வீட்டுமொழியாயிருந்த நிலை மாறிற்று. உடப்பு போன்ற ஊர்களில் அது இன்னும் வாழ்கின்றது.

நேயர்களே, உங்கள் ஊர்ப் பெரியோர் பாடும் பாடல்களும், அவற்றைப் பாடிவைத்தோர் பெயர்களும் இன்று உங்கள் செவிக்கு எட்டுகின்றன. அவை மறையுமுன் எழுதிவையுங்கள். பதவியில்லாதவரும் செய்யத்தக்க நாட்டுப்பணி அது.